வலி இல்லாத வியாழக்கிழமை

ஜூன் 9, திங்கள்

டயர் கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி. இத்தனை நாள் சாமி படத்துக்குக் கீழே சும்மா கிடந்தது. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். வண்டி ஓட்டாத மனுஷன் பகல் முழுக்க என்ன செய்வான், எழுதியாவது பார்க்கலாம் என்று எடுத்தேன்.

ஈரோடு–பழனி தடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே முதலாளியின் பஸ்ஸை ஓட்டுகிறேன். பெரியவர் போய்ச் சேர்ந்து இப்போது அவர் மகன், சின்னவர். இடது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று புடைத்துக்கொண்டு வரும். கிளட்சை அழுத்தும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும். கையால் உள்ளே தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அரச்சலூரில் தள்ளியும் உள்ளே போகவில்லை. குடலிறக்கம், வலை வைத்துத் தைக்க வேண்டும், விட்டால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று ஈரோட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக என் வீட்டுக்காரி வசந்தாமணி மூன்று பை கட்டி வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் போகும்போதுகூட இவள் ஒரு பைதான் எடுப்பாள்.

எனக்குப் பதிலாக அருள்மணி என்று ஒரு பையனை ஆக்டிங் டிரைவராகப் போட்டிருக்கிறார்கள். கண்டக்டர் பூபதி சாயங்காலம் போன் செய்தான். "ஏனுங்ணா, இவன் கியர் போடறானா, சோளத்தட்டு ஒடிக்கறானான்னே தெரியலீங். நீங்க சீக்கரம் வந்து சேருங்க" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

நேற்றுக் காலையில் ஆபரேஷன் முடிந்தது. முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ கிடப்பது போல இருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள், நான் மேலே விளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தைத்து முடித்த பிறகு மயக்க டாக்டரம்மா, மெர்லின் என்று பெயர், ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே இடுப்பெலும்புப் பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டார். நரம்பு ஊசியாம். முதுகு ஊசி இறங்கிய பிறகும் தைத்த இடம் மட்டும் மரத்தே இருக்குமாம்.

"இதை அறுக்கறதுக்கு முன்னாடியே போடறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"போடறவங்க இருக்காங்க. முன்னாடி போட்டா நல்லதுன்னும் சொல்றாங்க. முதுகு ஊசிதான் இருக்கேன்னு நான் கடைசியில போடறேன். அப்பதான் ராத்திரி வரைக்கும் தாங்கும்" என்றார்.

இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது. ஸ்டாண்டை விட்டுக் கொஞ்சம் பிந்திக் கிளம்பினால் கடைசியில் ஓடி வருகிறவனையும் ஏற்றிக்கொள்ளலாம். டைம் விஷயத்தில் டாக்டரும் டிரைவரும் ஒரு ஜாதிதான்.

மரப்பு விடுவதற்குள் விழுங்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு? வலிக்கும்போது உதவும் என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். சிஸ்டர் வந்து வந்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லீங்க என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி பரவாயில்லை. சாயங்காலம் நானே எழுந்து கழிவறைக்குப் போய் வந்தேன். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் முகத்தில் வெயில் அடிக்கிறது என்றார். அவர் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இதெல்லாம் நேற்றைய கதை. இன்றைக்கு விடியற்காலையில் ஊசி இறங்கிவிட்டது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

மெர்லின் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கு சிஸ்டர் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லைன்னு சொன்னனுங்க."

"பரவாயில்லைன்னா வலி இல்லைன்னு அர்த்தமா, வலிக்குது ஆனா தாங்கிக்கறேன்னு அர்த்தமா, இல்ல என்னைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு அர்த்தமா?"

மூன்றும்தான். விவரம் தெரிந்த நாளாக யார் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். சோறு போதுமா, சம்பளம் போதுமா, உடம்பு எப்படி, எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்.

"அதைக் கேட்டுட்டு அவங்க வலி இல்லைன்னு எழுதிட்டாங்க. நீங்க டிரைவர்தானே? வேகத்தடை மேல ஏறினப்புறமா பிரேக் புடிப்பீங்க?"

வசந்தாமணி தலையணைக்கடியிலிருந்து மாத்திரைகளை எடுத்து டாக்டரிடம் காட்டிக்கொடுத்தாள். இரண்டு பெண்கள் சேர்ந்து முறைத்தால் ஆம்பளை எங்கே பார்ப்பது? சுவரைப் பார்த்தேன்.

ஜூன் 21, சனி

காங்கயத்துக்கு, வீட்டுக்கு வந்தாயிற்று. புண் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை, விரல் நீளத் தழும்பு. வேட்டி பட்டாலே தீப்பட்ட மாதிரி எரிகிறது. இடது காலை மடக்கி எழுந்தால் உள்ளே கம்பி இழுக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் கால் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். கிளட்ச் அளவுக்கு அழுத்த முடியவில்லை. அதில் பாதிகூட முடியவில்லை.

வசந்தாமணி பழனிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். எனக்குச் சரியானால் முடி கொடுப்பதாக. நுனியை மட்டும் வெட்டிக் கொடுக்கிற பூமுடியா என்றேன். இல்லை, மொட்டையாம். இவளுக்கு இடுப்பு வரை முடி. ஐம்பதை நெருங்குகிறாள், இன்னும் ஒரு நரை இல்லை. தெருவில் அவளுக்கு இருக்கிற ஒரே கர்வம் அதுதான். "எதுக்கு அத்தனை பெருசா வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன்.

"சின்னதாக் குடுத்தா சின்னதாத்தான நல்லாகும்" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ் ஷெட்டுக்குப் போனேன். மத்தியானம், யாருமில்லை. வண்டியில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். அருள்மணி சீட்டை முன்னால் தள்ளி வைத்திருக்கிறான், கண்ணாடிக்கு மேலே ஒரு குரங்கு பொம்மை. கிளட்சை ஒரு தடவை அழுத்தினேன். ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஷெட்டில் நல்ல காற்று என்று வசந்தாமணியிடம் சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று ஈரோட்டுக்குத் தனியாகப் போனேன். வசந்தாமணியிடம் லைசென்ஸ் விஷயமாக என்று சொன்னேன். இவள் வந்தால் டாக்டர் பேச்சை வீட்டில் இரண்டாவது தடவை கேட்க வேண்டிவரும்.

தழும்பிலோ வலையிலோ ஒரு நரம்பு மாட்டிக்கொண்டிருக்கலாம் என்றார் மெர்லின் டாக்டர். என்னால் ஆனதா என்று கேட்டேன். மாத்திரையை ஒளித்தது, எழுந்து திரிந்தது. கட்டில் சமாசாரத்தைச் சொல்லவில்லை. "முதல் நாள் வலியை நல்லா அடக்கியிருந்தா வாய்ப்பு குறைவா இருந்திருக்கும். ஆனா இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதே இடத்தில் அதே நரம்பு ஊசி. இது வைத்தியமில்லை, சோதனை என்றார். டேபிளை விட்டு இறங்கினேன். வலி இல்லை. சுத்தமாக இல்லை. படியில் இறங்கும்போது விசிலடித்தேன். இன்றைக்குக் காலையில் திரும்பி வந்துவிட்டது.

"அடுத்த தடவை மருந்து கலந்து ஒண்ணு போட்டுப் பாக்கலாம். நாள்கணக்கா நிக்கலாம், அன்னைக்கே போயிடவும் போயிடலாம். அதுக்கு மேல நரம்பை வெட்டறது ஒண்ணுதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. ஊசி போட்ட அன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. சில பேருக்குக் கால் சொன்னபடி கேக்காது, மடங்கிடும்" என்றார்.

சரிங்க என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

சின்னவர் கூப்பிட்டார். "அண்ணா, அடுத்த திங்கக்கெழமை தீபாவளி. கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததில்ல. வியாழக்கெழமை வந்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. ஓட்டினா வண்டி உங்களுது. இல்லீன்னா அருள்மணியை நெரந்தரமாப் போட்டர்றேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. நானாக இருந்தால் ஆடியிலேயே போட்டிருப்பேன்.

மெர்லின் டாக்டருக்குப் போன் செய்து வியாழன் காலைக்கு ஊசி கேட்டேன். எதற்கு அவசரம் என்றார். தீபாவளிக்கு நன்றாக இருக்கலாமே என்றேன். காலையில் ஊசி, மத்தியானம் ஷெட், ஒரே ஒரு ரவுண்டு. அதற்கப்புறம் வலித்தால் வலிக்கட்டும். சீட்டில் உட்கார்ந்துவிட்டால் எப்படியாவது சமாளித்துவிடுவேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கப் போவதாக வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். ஊசி போட்டாயிற்று. காங்கயத்தில் இறங்கி ஷெட்டுப் பக்கம் நடக்கும்போது சின்னவர் போன்.

"அண்ணா, கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. இன்னைக்கு ஆகாது. நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?"

ஆகட்டுங்க என்றேன். வேறு என்ன சொல்வது? ஊசி இறங்கறதுக்குள்ள வண்டியக் குடுங்க தம்பின்னு சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்தேன். வாசலில் குந்தி உட்கார்ந்து கால் கழுவினேன், பழக்க தோஷம். நிமிர்ந்தால் வசந்தாமணி கரண்டியோடு நிற்கிறாள்.

"ஏனுங்க... குந்தி உக்காந்தீங்க."

"ஆமா."

"வலிக்கலீங்களா?"

"இல்லை."

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிளம்புங்க பழனிக்கு என்றாள். நாளைக்கு வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், தீபாவளி கழித்துப் போகலாம் என்றேன். நாளைக்கு டியூட்டி ஏறிவிட்டால் உங்களைப் பிடிக்க முடியாது என்றாள். உடம்பு அசதி என்றேன். "சாமி குடுத்த அன்னைக்கே நாமளும் குடுத்துடோணுங். நாள் கடத்தப்படாது" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டாள். அதற்கு மேல் என்ன பேச்சு?

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இந்தத் தடத்தில் டிரைவரான பிறகு நான் பழனிக்குப் பயணியாகப் போவது இதுதான் முதல் தடவை. டிரைவர் சுமார். தாராபுரம் திருப்பத்தில் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டான். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வசந்தாமணி வேர்க்கடலை உரித்து உரித்துக் கையில் வைத்தாள். எங்கள் கல்யாணம் முடிந்து இதே பஸ் ரூட்டில் பழனிக்குப் போன கதையைச் சொல்லிச் சிரித்தாள். அவள் இப்படிப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

அடிவாரத்தில் முடிக்கொட்டகை. வசந்தாமணி உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டார் முடி எடுக்கிற ஆள். கத்தியை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கலாங்களா என்றார். ஆரம்பித்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது. தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். யாரோ சின்னப் பெண் போல இருந்தாள். "எப்படி இருக்கறனுங்?" என்று கேட்டாள். நல்லாருக்கே என்றேன்.

யானைப்பாதை வழியாக மலை ஏறினோம். வலி இல்லை. இடது கால் இரண்டு இடத்தில் மட்டும் லேசாக மடங்கியது. அவள் முன்னால் போனதால் பார்க்கவில்லை. பிரேக்குக்கு வலது கால்தானே என்று நினைத்துக்கொண்டேன். சாமி நன்றாகத் தெரிந்தது. இன்றைக்கு நான்தான் ஆக்டிங்.

ஊசி விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். எங்கே சொல்வது? பஸ்ஸில் ஒரே கூட்டம். கொட்டகையில் சத்தம். மலை மேல் வரிசை.

திரும்பும்போது தாராபுரம் தாண்டியதும் ஊசி இறங்கிவிட்டது. களைப்பாக இருக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஷெட்டில் வண்டி தயாராக நின்றது. பூபதி வாசலில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். சின்னவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ராத்திரி போட்ட மாத்திரை, விடிந்ததும் போட்ட மாத்திரை எல்லாம் வயிற்றில்தான் இருந்தன. முதல் கியர் போட்டுவிட்டேன். வண்டி நகர்ந்தது. ஷெட் வாசலில் இரண்டாவது கியருக்குக் கிளட்சை அழுத்த வேண்டும், கால் பாதியிலேயே துள்ளி மேலே வந்துவிட்டது. வண்டி உதறி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை என் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது. பின்னால் பூபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"போதுமுங்கண்ணா. எறங்கிக்குங்க. தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்" என்றார் சின்னவர். தீபாவளி கழித்து என்றால் இல்லை என்று அர்த்தம். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அருள்மணி ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இப்போது நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

நேற்றைய மிச்சம். தாராபுரம் தாண்டியதும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். வசந்தாமணி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி இறங்கின அன்றைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே.

"வெடியால ஊசி போட்டீங்களா?"

"ம்."

"எப்ப எறங்கிரும்னு தெரியுங்களா?"

"இன்னைக்குள்ள எறங்கினாலும் எறங்கிரும்னு டாக்டர் சொன்னாங்க."

முந்தானையை எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள். காங்கயம் ஸ்டாண்டில் இறங்கின பிறகுதான் சொன்னாள்.

"அந்தாளு கத்தியைக் கையில வெச்சுட்டு, ஆரம்பிக்கலாங்களான்னு என்னையக் கேக்கலீங். உங்களைப் பாத்துத்தான் கேட்டாரு."

ஆமாம், என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் ம் என்று தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வண்டியில் ஏறிவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். நான் கேடுகெட்டவன். இதை எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வசந்தாமணி எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள். எனக்குத் தேய்த்துவிட்டாள். வழக்கம்போல மிச்ச எண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டவள் அப்படியே நின்றாள். அப்புறம் அதையும் என் தலையிலேயே தேய்த்தாள்.

பலகாரம் கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "மொட்டையெல்லாம் போட்டிருக்கறீங்க, என்ன வேண்டுதலுங்க்கா?" உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"இவருக்கு நல்லானதுக்குத்தானுங்."

"வண்டிக்குப் போறாருங்களா?"

"போவாருங்."

நாள் முழுக்க எழுந்து வெளியே போகவில்லை.

நவம்பர் 12, புதன்

வசந்தாமணி தானே போன் செய்து டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். இந்தத் தடவை கூடவே வந்தாள். தலையில் முள் முளைத்த மாதிரி முடி. இப்போது நரைத்து வருகிறது.

மெர்லின் டாக்டர் அழுத்திப் பார்த்தார். நான் டேபிளை விட்டு எழும்பிவிட்டேன். நரம்பை வெட்டலாம், வெட்டினால் அந்த இடம் கடைசிவரை மரத்தே இருக்கும், வலி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். பஸ் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். பஸ் வேண்டாமே என்றார். அப்புறம், அதுவரைக்கும் இன்னொரு ஊசி வேண்டுமானால் போடுகிறேன், ஒருநாளாவது நிம்மதியாக இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வசந்தாமணியைப் பார்த்தார்.

"பழனிங்களா? வேண்டுதல் நிறைவேறுச்சாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"நிறைவேறினப்புறம்தானே முடி குடுப்பாங்க?"

"இவரு நல்லாயிட்டாருன்னு நெனச்சுக் குடுத்துட்டனுங். திருப்பிக் கேக்க முடியுங்களா?"

டாக்டருக்குப் புரிந்ததோ என்னவோ. ஊசி மருந்தை எடுக்கப் போனார். வசந்தாமணி எழுந்து அவர் கையைத் தொட்டுத் தடுத்தாள்.

"அந்த ஊசி மட்டும் வேண்டாமுங்க. வலிச்சா நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறனுங்க. வலிக்காத நாள்ல இவரு எனக்கு என்ன பண்ணுவாருன்னு தெரியலீங்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

ஊசிக்காகத் தளர்த்தியிருந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அது சரியாக அந்த இடத்தில்தான் உரசும். வசந்தாமணி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.